வீட்டு உபயோகப் பொருள் கடையில் லாபம் ஒழுகும் இடங்கள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

பக்கெட், துடைப்பம், பாத்திரம், பல்பு, பூட்டு, கண்ணாடி டம்ளர் என்று பல வகைச் சரக்கு வைத்திருக்கும் சிறிய கடையில் லாபம் குறைந்தால், உடனே கை போவது விலைச்சீட்டின் மேல்தான். எல்லாவற்றிலும் கொஞ்சம் ஏற்றிப் பார்ப்பார்கள். ஆனால் பெரும்பாலும் கோளாறு விலைச்சீட்டில் இருப்பதில்லை. சீட்டில் எழுதிய லாபத்துக்கும் கைக்கு வந்த லாபத்துக்கும் நடுவில்தான் எங்கோ ஓட்டை இருக்கும். அந்த இடம் தெரியாமல் விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் போவார், ஓட்டை அப்படியே இருக்கும்.

முதலில் அளந்துவிடுங்கள்

கடைசி மூன்று மாதக் கொள்முதல் பில், வண்டி வாடகைச் சீட்டு, மாத விற்பனைத் தொகை, மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் எண்ணி எடுத்த இருப்பு. இவை போதும்.

கணக்கு இப்படி: தொடக்க இருப்பு 4,00,000. மாதக் கொள்முதல், வண்டி வாடகையும் கூலியும் சேர்த்து 2,50,000. முடிவில் இருப்பு 4,20,000. அப்படியானால் விற்றுப்போன சரக்கின் அடக்கம் (வாங்கிக் கடைக்குக் கொண்டுவர ஆன செலவு) 2,30,000. விற்பனை 2,80,000 என்றால் மொத்த லாபம் 50,000. விற்பனையில் அது 17.9 சதவீதம்.

இருப்பை எப்போதும் அடக்க விலைக்குத்தான் மதிப்பிட வேண்டும். ரேக்கில் ஒட்டியிருக்கும் விற்பனை விலையைக் கூட்டினால் இன்னும் விற்காத சரக்கின் லாபமும் கணக்கில் ஏறிவிடும். கணக்கு அழகாக வரும், பணம் மட்டும் வராது.

இனி நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த சதவீதத்தையும் இந்த 17.9-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளியின் அளவே பாதி நோயைச் சொல்லிவிடும்.

அறிகுறி: 25 வைத்தேன், 20தான் வருகிறது

ஓட்டை எதுவும் இல்லை, கணக்குப் போடும் முறை மாறியிருக்கிறது. 100க்கு வாங்கியதை 125க்கு விற்றால் வாங்கிய விலையில் லாபம் 25 சதவீதம். விற்ற விலையில் பார்த்தால் 125க்கு 25, அதாவது 20 சதவீதம்தான். அடக்கத்தின் மேல் 10 வைத்தால் விற்பனையில் 9.1, 20 வைத்தால் 16.7, 33.3 வைத்தால் 25, 50 வைத்தால் 33.3, இரட்டிப்பு விலை வைத்தால் 50.

இரண்டில் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், கலக்கத்தான் கூடாது. தள்ளுபடி, வாடகைச் சுமை, கார்டு கட்டணம் எல்லாம் விற்பனைத் தொகையை வைத்தே வருவதால் லாபத்தையும் விற்பனையின் மேலேயே பார்ப்பது நல்லது. விற்பனையில் 25 சதவீதம் வேண்டுமென்றால் அடக்கத்தை 0.75-ஆல் வகுங்கள். 30 வேண்டுமென்றால் 0.70. அடக்கம் 84 என்றால் 84 ÷ 0.70 = 120. வழக்கமாக வைக்கும் நான்கைந்து விகிதங்களுக்கு இந்த வகுக்கும் எண்ணைக் கல்லாப்பெட்டி அருகே எழுதி ஒட்டிவிடுங்கள்.

வரி சேர்த்த விலை போடும் கடையில் இன்னொரு சறுக்கல் உண்டு. வரி விகிதம் 10 சதவீதம் என்றால் 110க்கு விற்றதில் உங்கள் பணம் 100தான். 110-ஐ வைத்து லாபம் பார்த்தால் தப்பு. அதேபோல, கொள்முதலில் கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியுமானால் அதை அடக்கத்தில் சேர்க்காதீர்கள். முடியாதென்றால் முழுக்கச் சேர்த்தே ஆக வேண்டும்.

அறிகுறி: முறையைத் திருத்திய பிறகும் இடைவெளி குறையவில்லை

அடக்க விலை தப்பு. சிறு கடைகளில் அதிகம் ஒழுகுவது இங்கேதான். பில்லில் உள்ள விலை அடக்கம் ஆகாது. சரக்கு ரேக்கில் ஏறி, விற்கும் நிலையில் நிற்கும்வரை ஆன செலவு எல்லாம் சேர்ந்ததுதான் அடக்கம்.

கண்ணாடி டம்ளரையே எடுத்துக்கொள்வோம். 12 டஜன், 144 டம்ளர். ஒன்று 10 வீதம் பில் 1,440. வண்டி வாடகைப் பங்கு 72. இறக்குக்கூலி 24. மொத்தம் 1,536. பெட்டியைப் பிரித்தால் 6 டம்ளர் உடைந்திருக்கிறது அல்லது விளிம்பில் சில்லு போயிருக்கிறது. விற்கக்கூடியது 138. ஒரு டம்ளரின் அடக்கம் 11.13. நீங்கள் 10 என்று நினைத்து 13 விலை போட்டிருந்தால் சீட்டில் லாபம் 23 சதவீதம், கையில் 14.4. உடைசலை மொத்த வியாபாரி ஏற்றுக்கொள்வாரா என்று வாங்கும்போதே பேசி, பில்லிலும் எழுதி வாங்குங்கள். பெட்டியைச் சரக்கு வந்த அன்றே பிரித்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் யார் கேட்பார்கள்?

வண்டி வாடகையைப் பிரிப்பதில் இன்னொரு பிசகு. ஒரே வண்டியில் பிளாஸ்டிக் பக்கெட்டும் எவர்சில்வர் பாத்திரமும் வந்தால், பலர் வாடகையைப் பில் தொகைப்படி பங்கிடுவார்கள். பாத்திரத்தின் விலை கூடுதல், அதனால் வாடகை முழுக்க அதன் தலையில் விழும். வண்டியை நிறைத்தது பக்கெட்தான். விளைவு, பாத்திரம் அநியாய விலையாகத் தெரிந்து விற்காமல் நிற்கும், பக்கெட் குறைந்த விலையில் வேகமாகப் போகும், போகப் போக நஷ்டம். இடத்தை அடைக்கும் சரக்குக்கு அது பிடித்த இடத்தை வைத்தும், கனமான சரக்குக்கு எடையை வைத்தும் வாடகையைப் போடுங்கள். வண்டியில் பாதி இடம் பக்கெட் என்றால் பாதி வாடகை பக்கெட்டுக்கு. துல்லியம் தேவையில்லை, கண்மதிப்பு போதும்.

12 வாங்கினால் 1 இலவசம் என்று சரக்கு வந்தால் பில் தொகையை 13-ஆல் வகுங்கள். அடக்கம் 7.7 சதவீதம் குறையும். அந்த ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனாலோ, பழகியவருக்குக் கொடுத்துவிட்டாலோ அடக்கம் குறையவில்லை என்றுதான் அர்த்தம். ரொக்கத்துக்கு வாங்கியதால் கிடைத்த கழிவையோ அடக்கத்தில் கழிக்க வேண்டாம். அடுத்த முறை ரொக்கம் கட்ட முடியாமல் போகலாம். அதைத் தனி வரவாக எழுதி வையுங்கள்.

அறிகுறி: நன்றாக விற்றது, மறுபடி சரக்கு எடுக்கப் பணம் போதவில்லை

இதற்குக் காரணம் இரண்டு.

ஒன்று, விலையேற்றம். 100க்கு வாங்கி 120 விலை போட்ட பக்கெட் 50 இருக்கிறது. இதற்குள் மொத்த விலை 115 ஆகிவிட்டது. பழைய சரக்குதானே என்று 120க்கே விற்றால் 6,000 வரும். மறுபடி 50 எடுக்க 5,750 வேண்டும். 1,000 லாபம் என்று நினைத்த இடத்தில் மிஞ்சுவது 250. ஆகவே புது விலை உறுதியான அன்றே பழைய இருப்பின் விலையையும் மாற்றுங்கள். ஒரே பக்கெட்டுக்கு ரேக்கில் இரண்டு விலை இருந்தால் வாங்குபவர் குறைந்ததைத்தான் கையில் எடுப்பார், பேச்சும் வளரும். பழைய ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு ஒட்டுங்கள், மேலேயே ஒட்டினால் நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். உறையில் உச்ச விலை அச்சிட்ட சரக்கை மட்டும் இப்படி ஏற்ற முடியாது. அதில் விலையேற்றத்தின் பாதிப்பை அடுத்த லாட்டில்தான் ஈடுகட்ட வேண்டும். மொத்த விலை இறங்கினால் வேலை தலைகீழ். பழைய அடக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் நீங்களும் இறக்கிவிடுங்கள்.

இரண்டு, லாபம் ரேக்கில் உட்கார்ந்திருக்கிறது. மேலே போட்ட கணக்கையே பாருங்கள். இருப்பு 4,00,000-லிருந்து 4,20,000 ஆனது. லாபம் 50,000-இல் 20,000 சரக்காக மாறிவிட்டது. கடைச் செலவு மாதம் 45,000 என்றால் கணக்குப்படி 5,000 நிகர லாபம். கல்லாவிலோ 15,000 குறைந்திருக்கும். இதற்கு விலையை ஏற்றுவது மருந்தாகாது. அடுத்த மாதக் கொள்முதலைக் குறைக்க வேண்டும், அதுவும் எதைக் குறைப்பது என்று தெரிந்து குறைக்க வேண்டும். கிடப்புச் சரக்குப் பகுதியில் அது வருகிறது.

அறிகுறி: விலை அதிகம் என்று சொல்லிப் போகிறார்கள்

எந்தப் பொருளைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். நூறு வகையில் பத்துப் பன்னிரண்டுதான் திரும்பத் திரும்ப வரும். சலவைத்தூள், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பல்பு, பேட்டரி செல், குப்பைப் பை போன்றவை. இவற்றின் விலை எல்லாருக்கும் மனப்பாடம். கடை முழுவதையும் இந்தப் பத்தை வைத்தே எடைபோடுவார்கள். இவற்றில் பக்கத்துக் கடை விலைக்கே நில்லுங்கள். கம்பிக் கொக்கி, குழாய் வாஷர், வடிகட்டி, மூடி கழன்ற டப்பாவுக்கு மாற்று மூடி, திரைச்சீலை வளையம் ஆகியவற்றின் விலையை யாரும் மனதில் வைத்திருப்பதில்லை. தேவைப்படும்போது கிடைத்தால் போதும் அவர்களுக்கு.

எல்லாவற்றுக்கும் ஒரே 20 சதவீதம் வைப்பதுதான் இங்கே நோய். தெரிந்த விலைச் சரக்குக்கு அது அதிகம், தெரியாத சரக்குக்குக் குறைவு. மூன்றாகப் பிரித்துத் தொடங்குங்கள்: விலை தெரிந்த ஓடும் சரக்குக்கு 10, நடுத்தரச் சரக்குக்கு 25, தேடி வாங்கும் சரக்குக்கு 40. விற்பனையில் முதல் வகை 40 பங்கு, இரண்டாவது 40, மூன்றாவது 20 என்றால் 4 + 10 + 8, மொத்தம் 22 சதவீதம். இவை தொடக்க எண்கள்தான், உங்கள் சரக்கைப் பொறுத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வகையைக் குறைக்கும்போது இன்னொன்று அதைத் தாங்குகிறதா என்று இதே கூட்டலைப் போட்டுவிட்டே குறையுங்கள்.

அறிகுறி: எந்த விலையும் மாறவில்லை, லாப விகிதம் மட்டும் இறங்கியது

மேலே உள்ள அதே கூட்டலைப் புது விற்பனைப் பங்கோடு போடுங்கள். 40, 40, 20 இருந்த இடத்தில் 60, 30, 10 என்று ஆகியிருந்தால் 6 + 7.5 + 4, வெறும் 17.5. சோப்பும் பல்பும் அதிகமாக விற்று, பாத்திரமும் கொக்கியும் குறைந்துவிட்டன. பல சமயம் காரணம் அற்பமாக இருக்கும். அதிக லாபச் சரக்கை உள் ரேக்குக்கு மாற்றியிருப்பார்கள், அல்லது ஓடும் அளவு தீர்ந்து போய் ஒரு மாதமாக வரவழைக்காமல் இருப்பார்கள். இடத்தைச் சரிசெய்யுங்கள், விலையைத் தொடாதீர்கள்.

அறிகுறி: தள்ளுபடி போட்டோம், கூட்டம் வந்தது, மிச்சம் இல்லை

80 அடக்கம், 100 விலை, லாபம் 20. 10 சதவீதம் தள்ளினால் லாபம் 10, அதாவது பாதி. முன்பு 50 விற்ற இடத்தில் 100 விற்றால்தான் பழைய லாபமே வரும். 30 சதவீத லாபச் சரக்கில் இதே தள்ளுபடிக்கு ஒன்றரை மடங்கு விற்றால் போதும். 40-இல் மூன்றில் ஒரு பங்கு கூடினால் போதும். எதற்கும் இதே வழி: தள்ளுபடியை லாபத்திலிருந்து கழியுங்கள், மீதி வரும் எண்ணால் தள்ளுபடியை வகுங்கள், எவ்வளவு கூட விற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அந்த எண்ணிக்கை நடக்காத காரியமாகப் பட்டால் பலகையே வைக்க வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். 20 சதவீத லாபச் சரக்கில் விலையை 5 சதவீதம் ஏற்றினால் விற்பனை எண்ணிக்கை ஐந்தில் ஒன்று குறைந்தாலும் மொத்த லாபம் குறையாது.

பலகை வைக்காமலே தள்ளுபடி கொடுக்கும் கடைகளும் உண்டு. 1,037 பில்லுக்கு, சரி ஆயிரம் கொடுங்கள் என்பது. போனது 37தானே என்று தோன்றும். 20 சதவீதக் கடையில் அந்தப் பில்லின் லாபமே 207 சொச்சம். அதில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாய் வார்த்தையில் போய்விட்டது. விட வேண்டியதை விடுங்கள், பழகிய முகத்துக்கு மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் விட்ட தொகையைப் பில்லில் தனி வரியாக எழுதுங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் கை தானாகக் குறையும்.

அறிகுறி: லாபம் கூடுதலாக வைத்த சரக்கு கிடையாய்க் கிடக்கிறது

லாபச் சதவீதத்தை மட்டும் பார்த்து வாங்கியதன் பலன். 1,000 போட்டு வாங்கிய பெரிய பாத்திரம் வருடத்துக்கு ஒன்று 1,500க்குப் போகிறது. முடங்கிய 1,000க்கு வருடம் 500. அதே 1,000-ஐச் சோப்பில் போட்டு, அடக்கத்தின் மேல் 10 சதவீதம் மட்டும் வைத்து, மாதாமாதம் தீர்ந்து திரும்ப வாங்கினால் 100 × 12 = 1,200. ஒவ்வொரு வகைக்கும் வருட மொத்த லாபத்தைச் சராசரி இருப்பின் அடக்கத்தால் வகுத்துப் பாருங்கள். இந்தக் கணக்கில் கடைசியாக வரும் வகைகளில்தான் அடுத்த மாதக் கொள்முதலை வெட்ட வேண்டும். வட்டிக்கு வாங்கிய பணமென்றால் இன்னும் மோசம். மாதம் 1.5 சதவீத வட்டியில் பத்து மாதம் கிடந்த சரக்கு அடக்கத்தில் 15-ஐத் தின்றிருக்கும்.

செட் சரக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஐந்து டப்பா செட்டில் எல்லாரும் நடு அளவைத்தான் கேட்பார்கள். பிரித்துக் கொடுத்தால் மிச்ச நான்கும் காலத்துக்கும் நிற்கும். பிரித்து விற்பதானால் தனித்தனி விலைகளின் கூட்டுத்தொகை செட் விலையைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்கட்டும், அதில் நடு அளவே பெரும்பங்கைச் சுமக்கட்டும். இல்லையேல் பிரிக்கவே வேண்டாம்.

90 நாள் நகராத சரக்கை முதலில் கண்ணில் படும் உயரத்துக்கு மாற்றுங்கள். 120 நாளில் 15 சதவீதம் இறக்குங்கள். 180 நாள் தாண்டினால் அடக்கத்துக்கே தள்ளிவிடுங்கள், அதற்கும் போகாவிட்டால் அதற்குக் கீழே. போட்ட பணம் போய்விட்டதே என்று வைத்திருந்தால் வெயில் படும் பிளாஸ்டிக் வெளுத்து நொறுங்கும், ரப்பர் வளையம் இறுகும், செல் கசியும். பிறகு சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் வராது.

அறிகுறி: பில் நிறைய, நாள் முழுக்க வேலை, மிச்சம் சில்லறை

சதவீதம் சின்னப் பொருளில் ஏமாற்றும். 4 அடக்கமுள்ள கொக்கிக்கு அடக்கத்தின் மேல் 25 வைத்தால் விலை 5, லாபம் 1. தேடி எடுக்க, எண்ணிக் கொடுக்க, பில் போட ஆகும் நேரமோ பெரிய பக்கெட்டுக்கு ஆவதேதான். மாதக் கடைச் செலவை மாதம் போடும் பில் வரிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 45,000 செலவு, 9,000 வரி என்றால் ஒரு வரிக்கு 5. அதற்குக் கீழே லாபம் தரும் சின்னச் சரக்கை ஆறாகக் கட்டி ஒரே பாக்கெட்டாக விற்கலாம், அல்லது 9, 10 என்று விலை வைக்கலாம். மிகப் பெரிய பொருளில் இது திரும்பும். அங்கே 40 சதவீதம் கேட்டால் ஆள் போய்விடுவார். ஒன்றுக்கு இவ்வளவு தொகை கிடைத்தால் போதும் என்று பார்த்து விலை வையுங்கள்.

அறிகுறி: கடன் நோட்டு தடிக்கிறது

20 சதவீத லாபத்தில் 100க்குக் கொடுத்த சரக்குக்குப் பணம் வராமல் போனால் போனது அடக்கம் 80. அதை மீட்க இன்னும் 400க்கு விற்க வேண்டும். இப்போதைய நிலுவையை மாத விற்பனையோடு ஒப்பிடுங்கள், மூன்று மாதம் தாண்டியதைத் தனியாகக் கூட்டுங்கள். 10 சதவீத லாபச் சரக்கைக் கடனுக்குக் கொடுக்கவே கூடாது. கடன் தந்தே ஆக வேண்டிய இடமென்றால் அது 40 சதவீதச் சரக்காக இருக்கட்டும்.

அறிகுறி: எண்ணினால் சரக்கு குறைகிறது

விற்பனையில் 2 சதவீதம் காணாமல் போனால், 20 சதவீதக் கடையில் லாபத்தில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. உடனே ஆளைச் சந்தேகிக்க வேண்டாம். விலை கூடிய, கைக்கு அடக்கமான 20 பொருளைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை எண்ணுங்கள். ஒரு டப்பா 3 லிட்டரில் நான்கு கூடுதலாகவும், அதே டப்பா 5 லிட்டரில் நான்கு குறைவாகவும் இருந்தால் அது திருட்டில்லை. பெரியதைக் கொடுத்துச் சின்னதின் விலையைப் போட்டிருக்கிறார்கள். அடியில் அளவை எழுதி ஒட்டினால் தீர்ந்தது. லோடு வந்த வாரங்களில் மட்டும் குறைந்தால் எண்ணாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லாமல் எல்லா வாரமும் குறையும் பொருளைக் கல்லாவுக்குப் பின்னால் மாற்றுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரியாக வருகிறது, ஆனாலும் மாதக்கடைசியில் இழுபறி

இனி விற்பனை அளவைப் பார்க்க வேண்டும். வாடகை, மின்கட்டணம், உதவி ஆளின் சம்பளம், வட்டி, உங்கள் சம்பளம் எல்லாம் கூட்டுங்கள். உங்கள் சம்பளத்தை எழுதாமல் விடுவதுதான் வழக்கம். எழுதுங்கள். கூட்டுத்தொகையை லாப விகிதத்தால் வகுத்தால் லாபமும் நஷ்டமும் இல்லாமல் செலவை ஈடுகட்ட வேண்டிய விற்பனை தெரியும். 45,000 செலவுக்கு 22 சதவீதத்தில் மாதம் 2,04,545, அதாவது 26 நாள் கடை திறந்தால் நாளுக்கு 7,867. விகிதம் 17.5-க்கு இறங்கினால் அதே செலவுக்கு நாளுக்கு 9,890 வேண்டும்.

திருத்தும்போது ஒரு மாதத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, மாதக்கடைசியில் இருப்பை எண்ணி, முதலில் போட்ட கணக்கை மறுபடி போடுங்கள். அடக்கம், விலை, தள்ளுபடி மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது. எதில் தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் அடக்கத்தில் தொடங்குங்கள். மற்றக் கணக்குகள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன.